வெட்டிய விரலும் ஒட்டிய தலையும்

கட்டைவிரலைக் கேட்டார் குரு; வெட்டிக் கொடுத்தான் வேடர்குலத்துப் பிள்ளை. ஏகலைவன் கதையைக் குருபக்திக்கு எடுத்துக்காட்டாக இன்றளவும் பள்ளிகளிலே சொல்லி வருகின்றனர். சொல்லும் ஆசிரியர் கூட்டத்திலே நாமும் இருப்பதால், கேட்கும் பிள்ளைகள் என்ன நினைக்கின்றனர் என்பதும் நமக்குத் தெரியும். பக்தியால் அவர்கள் உருகுவதில்லை. "வெட்டிய விரலை அப்புறம் என்ன செய்தார்கள், ஐயா?" என்றுதான் கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்வி. பதில்தான் எந்தப் புராணீகரிடமும் இல்லை. வில்வித்தையின் கரை கண்ட ஆச்சாரியார் அங்கே நின்றார், அரசகுமாரர்கள் நின்றனர், அந்த விரலை எடுத்து மீண்டும் ஒட்ட ஒருவரும் முன்வந்ததாகக் கதை சொல்லவில்லை. வெட்டச் சொல்ல வாய் இருந்தது. ஒட்டுவதற்குக் கற்ற கை இல்லை.

இதனை ஏன் இன்று எடுத்துப் பேசுகிறோம்? 2014ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் மும்பையிலே ஒரு மருத்துவமனைத் திறப்பு விழா நடைபெற்றது. மருத்துவம் கற்றோர் நிறைந்த அவை அது. அங்கே பேசிய பிரதமர் நரேந்திர மோடி, விநாயகரைக் காட்டி, மனித உடலிலே யானைத் தலையைப் பொருத்திய பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் அந்த நாளிலேயே இருந்திருக்க வேண்டும் என்று சொன்னார். திண்ணையிலே உட்கார்ந்து தாத்தா பேரனுக்குச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். நாட்டின் தலைமை அமைச்சர், மருத்துவர்கள் முன்னிலையில், மருத்துவமனை மேடையில் நின்று சொன்னார். அன்று முதல், வகுப்பறையிலே அறிவியல் பாடம் நடத்தும்போதும் இந்தப் பேச்சு நம் எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

யானைத் தலையை ஒட்டத் தெரிந்த நாட்டிலே ஏகலைவனின் கட்டைவிரலை ஒட்ட ஆள் இல்லாமற் போனது எப்படி? தெரியவில்லையா, மனமில்லையா? தெரியவில்லை என்றால் யானைத் தலை பொய். மனமில்லை என்றால் அவர்கள் பேசும் தருமம் பொய். இரண்டிலே எதை ஒப்புக்கொள்ளப் போகிறார்கள்?

ஒட்டியதற்குச் சான்று இல்லை. வெட்டியதற்கு ஏடே இருக்கிறது. மனுவின் எட்டாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். தாழ்ந்த சாதியான் எந்த உறுப்பால் உயர்ந்த சாதியானைத் தாக்கினானோ அந்த உறுப்பை வெட்டி எறிய வேண்டும் என்று விதிக்கப்பட்டிருக்கிறது. கை ஓங்கினால் கை. காலால் உதைத்தால் கால். அதே மனு, மருத்துவன் தரும் சோறு சீழுக்குச் சமம் என்றும், அவனைச் சிராத்தப் பந்தியிலே சேர்க்கலாகாது என்றும் சொல்லுகிறார். மருத்துவனைப் பந்தியை விட்டு விரட்டியவர்களின் வாரிசுகள், அந்தப் பந்திக்குள்ளேயே பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார் என்று இன்று கதை அளக்கிறார்கள்.

புராணத்திலே தலைமாற்றத்துக்குப் பஞ்சமில்லை. தக்கனுக்கு ஆட்டுத் தலை. ரேணுகையின் தலைக்கு வேறொரு பெண்ணின் உடல். முக்காலமும் உணர்ந்த தகப்பனுக்கு எதிரே நிற்பது தன் பிள்ளை என்பது மட்டும் தெரியவில்லை. வெட்டிய தலையைத் தேடி எடுத்து ஒட்டவும் தோன்றவில்லை. வடக்கே படுத்திருந்த யானையின் தலையைக் கொண்டுவரச் சொன்னாராம். அந்த யானை செய்த பாவம் என்ன? அதைக் கேட்பாரில்லை. இவற்றோடு ஒப்பிட்டால் ரிக் வேதத்துக் கவிஞன் நேர்மையானவன்: போரிலே கால் இழந்த விசுபலை என்பவளுக்கு அசுவினி தேவர்கள் இரும்புக் காலைத்தான் தந்ததாகப் பாடினான். வெட்டுண்ட காலை ஒட்டலாம் என்று கற்பனை செய்யக்கூட அவனுக்குத் துணிவில்லை.

கிறித்துவ நாட்டுக் கதையும் இதற்கு இளைத்ததல்ல. கோஸ்மாஸ், தமியான் என்னும் இரு புனிதர்கள், இறந்துபோன கறுப்பர் ஒருவரின் காலை வெட்டி எடுத்து, நோயுற்ற வெள்ளையருக்கு ஒட்டினார்களாம். ஓவியம் ஓவியமாக ஐரோப்பாவிலே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கும் கால் கொடுத்தவன் யார், பெற்றவன் யார் என்று பாருங்கள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் கையை ஒட்டியபோது, இதை எங்கள் புனிதர்கள் அன்றே செய்துவிட்டார்கள் என்று அமெரிக்க ஜனாதிபதி மேடையேறிப் பேசவில்லை.

சுசுருதரை மறுக்கிறீர்களா என்று சிலர் கேட்பர். மறுக்கவில்லை. சுசுருதர் பெயரால் வழங்கும் நூலிலே, அறுபட்ட மூக்குக்குப் பதிலாகக் கன்னத்துத் தோலைத் திருப்பி மூக்கு அமைக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. அது மெய்யான கைத்திறன், போற்றத்தக்கது. 1794இல் லண்டன் ஏடு ஒன்று, பூனா பக்கத்திலே வண்டிக்காரர் ஒருவருக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்த செய்தியைப் படத்தோடு வெளியிட்டது. அமைத்தவர் வேதம் ஓதியவரல்லர். செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்தவர். அந்தத் தோல் பிழைத்தது ஏன் என்றால், ஒரு முனையிலே அது உடலோடு ஒட்டியே இருந்தது; இரத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. முழுதும் துண்டான உறுப்பை ஒட்டுவது வேறு வேலை. அந்த வேலையிலேதான் கதைக்கும் காரியத்துக்கும் உள்ள தூரம் தெரிகிறது.

துண்டான கையை ஒட்டுவதென்றால் என்ன? எலும்பை எலும்போடு நிறுத்தித் தகடோ கம்பியோ வைத்துப் பிணைக்க வேண்டும். தசைநாண்களை இணைக்க வேண்டும். நல்ல இரத்தம் கொண்டுவரும் தமனியைத் தைக்க வேண்டும். திரும்பிப் போகும் சிரைகளைத் தைக்க வேண்டும். சிரையைத் தைக்காவிட்டால் உள்ளே வந்த இரத்தம் வெளியேற வழியின்றி உறுப்பு வீங்கிக் கறுத்து அழியும். தையலிலே ஒரு மயிரிழை பிசகினால் உள்ளே இரத்தம் உறையும், உறைந்தால் அடைப்பு, அடைத்தால் அழுகல். நரம்பையும் இணைக்க வேண்டும். இணைத்தாலும் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். தோளருகே அறுந்த நரம்பு விரல்நுனியை எட்ட ஆண்டுக்கணக்கிலே ஆகும். கையிலும் காலிலும் ஓடும் நரம்பாவது இப்படி வளரும். கழுத்துக்குள்ளே இறங்கும் தண்டுவடமோ அறுந்தால் வளர்ந்து சேருவதில்லை. தலையை ஒட்டலாம் என்று பேசுவோர் முதலில் இந்தத் தண்டுவடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தலையை ஒட்டிப் பார்த்தவர் ஒருவர் உண்மையிலேயே இருந்தார். சோவியத்து நாட்டு விளாதிமிர் தெமிகோவ், 1954இல், ஒரு நாய்க்குட்டியின் தலையையும் முன்னங்கால்களையும் பெரிய நாயின் கழுத்திலே இணைத்தார். குட்டியின் தலை விழித்தது, பாலை நக்கிற்று. இப்படிப் பல நாய்கள். சில நாட்களிலே மாண்டன; மிக நீண்ட நாள் உயிரோடிருந்தது 29 நாள். நாய்க்கும் நாய்க்கும் இந்தக் கதி என்றால், யானைக்கும் மனிதக் குழந்தைக்கும் என்ன கதி? தெமிகோவின் இந்தச் சோதனையைப் புகழ நாம் வரவில்லை. அதை எண்ணும்போது நம் நெஞ்சும் கூசத்தான் செய்கிறது. ஆனால் அவர் நாட்களை எண்ணினார். தோல்வியைத் தோல்வி என்று எழுதினார். கைலாயத்திலே நடந்ததாகச் சொல்லப்படும் சிகிச்சைக்கு அப்படி ஒரு குறிப்பேடு உண்டா?

உண்மைக் கதை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். 1894 ஜூன் மாதம், பிரெஞ்சு நாட்டு லியோன் நகரிலே அந்நாட்டு ஜனாதிபதி சாடி கார்னோ கத்தியாலே குத்தப்பட்டார். வயிற்றுக்குள்ளே பெரிய இரத்தக்குழாய் ஒன்று அறுந்திருந்தது. நாடாள்பவர், நகரத்துப் பேர்பெற்ற வைத்தியர்கள் சூழ நின்றனர், என்ன பயன்? அறுந்த குழாயைத் தைக்க ஒருவருக்கும் தெரியாது. அவர் மாண்டார். அதை எண்ணிப் பொருமினார் அந்நகரத்து மருத்துவ மாணவர் ஒருவர். பெயர் அலெக்சிஸ் கரேல். லியோன் பட்டுக்குப் பெயர்போன ஊர். பூத்தையல் வேலையிலே வல்ல பெண்மணி ஒருத்தியிடம் சென்று, மெல்லிய ஊசியை எப்படிப் பிடிப்பது, துணி கிழியாமல் எப்படித் தைப்பது என்று கற்றார். தேவர்களிடமிருந்து வரவில்லை அந்த வித்தை. கூலிக்குத் தைக்கும் பெண்ணின் விரல்களிலிருந்து வந்தது! வட்டமான குழாயின் வாயை மூன்று தையலால் இழுத்தால் முக்கோணமாகும். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் நேர்கோடு. நேர்கோட்டைத் தைப்பது எளிது. 1902இல் இந்த முறையை அவர் வெளியிட்டார்.

தைத்துப் பார்த்தது எதன்மேல்? நாயின்மேல். இந்த இடத்திலே கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோக நமக்கு விருப்பமில்லை. 1903இல் ஜெர்மனியிலே ஹாப்னர் என்பவர் நாய்களின் கால்களை அறுத்து மீண்டும் பொருத்திப் பார்த்தார். சில நாட்கள் அவை உயிரோடு நின்றன. அமெரிக்காவுக்குப் போன கரேல், சார்லஸ் கத்ரி என்பவரோடு சேர்ந்து, ஒரு நாயின் தொடையை முழுதும் அறுத்து மீண்டும் இணைத்த செய்தியை 1906இல் எழுதினார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தன் கால் தன் உடலிலே பிடிக்கும், மற்றொரு நாயின் கால் பிடிக்காது, சில நாளிலே உடல் அதைத் தள்ளிவிடும் என்பதும் அந்தக் காலத்துச் சோதனைகளிலேதான் தெரிந்தது.

பிறகு ஏன் மனிதனுக்கு வர 56 ஆண்டுகள் ஆயின? ஊசி மட்டும் போதாது. இரத்தம் உறையாமல் காக்க மருந்து வேண்டும்: 1916இல் அமெரிக்க மாணவர் ஒருவர் நாயின் ஈரலிலே அதற்கு வழி கண்டார், ஹெப்பாரின் என்று அதற்குப் பெயர். இன்று பன்றிக் குடலிலிருந்து அதனை எடுக்கிறார்கள்; இருதய ஆப்பரேஷன் செய்துகொண்ட ஆசாரசீலர் எத்தனை பேர் உடலிலே பன்றி ஓடியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்! இரத்தம் ஏற்றும் முறையும், சீழ்ப்பிடிப்பைத் தடுக்கும் மருந்தும் வர வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறுந்த உறுப்பு எத்தனை நேரம் தாங்கும் என்பது தெரிய வேண்டும். 1950களிலே மாஸ்கோவிலே லாப்சின்ஸ்கி நாய்க்கால்களைக் குளிரிலே வைத்து, ஏறத்தாழ ஒரு நாள் கழித்தும் இணைத்துக் காட்டினார். குளிரிலே தசை மெல்லச் சாகும். வெப்பத்திலே விரைந்து சாகும். இரத்தமின்றிக் கிடந்த தசையிலே பொட்டாசியமும் அமிலமும் தேங்கும். கவனமின்றி இரத்தத்தைத் திறந்துவிட்டால் அந்த நஞ்சு உடலெங்கும் பாய்ந்து இதயத்தைத் தாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கையைக் காக்கப் போய் ஆளையே இழக்கலாம் என்ற அந்தப் பாடத்தையும் நாய்கள்தாம் உயிரைக் கொடுத்துக் கற்பித்தன.

1962 மே 23. பாஸ்டன் நகரம். சரக்கு இரயிலிலே தொற்றிய 12 வயதுச் சிறுவனின் வலக்கை தோளுக்குக் கீழே துண்டானது. மாசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலே ரொனால்ட் மால்ட் என்னும் 30 வயது மருத்துவரின் தலைமையிலே அதனை ஒட்டினர். நரம்புகளைப் பின்னரே இணைத்தனர். முழுதும் துண்டான கை மனித உடலிலே மீண்டும் உயிர்பெற்றது அதுவே முதன்முறை. எட்டு மாதங்கூட ஆகவில்லை. 1963 ஜனவரி 2ஆம் நாள், சீன நாட்டு ஷாங்காயிலே, இயந்திரத்திலே வலக்கையை இழந்த தொழிலாளி ஒருவருக்குச் சென் சோங்வெய் என்பவரும் தோழர்களும் கையை ஒட்டினர். ஒரு பக்கம் டாலர் நாடு, மறுபக்கம் செங்கொடி நாடு. இரண்டு இடத்திலும் இரத்தக்குழாய் ஒன்றுதான், ஊசியும் ஒன்றுதான்.

கைக்குப் பெரிய குழாய். விரலுக்கோ 1 மில்லிமீட்டர், அதற்கும் குறைவு. வெறுங்கண்ணுக்கு அது குழாயாகவே தெரியாது. 1960இல் வெர்மாண்டிலே ஜேக்கப்சன் என்பவர் நுண்ணோக்கியை வைத்து, அடியிலே சிறு குழாய்களைத் தைத்துக் காட்டினார். கலிபோர்னியாவிலே ஹாரி பன்கே என்பவர் தம் வீட்டுக் கார்க் கொட்டகையையே ஆராய்ச்சிக்கூடமாக்கினார். ஊசி பெரிதாக இருந்ததால், நைலான் இழையின் நுனியிலே உலோகம் பூசி அதையே ஊசியாக்கினார். முயலின் காதை அறுத்து ஒட்டினார். பல காதுகள் கறுத்து உதிர்ந்த பிறகே ஒன்று பிடித்தது. ஏன் முயல்? அதன் காதின் நடுவே ஓடும் தமனி மனித விரலின் தமனியளவே இருக்கும். பிடித்ததா இல்லையா என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பின்னர் குரங்கின் விரலை ஒட்டிக் காட்டினார். 1965 ஜூலை 27ஆம் நாள், ஜப்பானிலே நாராவில், கொமாத்சு, தமாய் என்னும் இருவர், துண்டான மனிதக் கட்டைவிரல் ஒன்றை ஒட்டினர்.

கட்டைவிரல்! துரோணர் கேட்டாரே, அந்த வலக்கைக் கட்டைவிரல் போன்ற ஒன்று! அதை ஒட்டும் வித்தை உலகுக்கு வந்த நாள் யுகக்கணக்கிலே இல்லை. நம் தாத்தாமார் பார்த்த நாட்காட்டியிலே இருக்கிறது. தோற்றுப்போன நாய்க்கால்கள், உதிர்ந்த முயற்காதுகள், விடிய விடிய நுண்ணோக்கியிலே குனிந்த முதுகுகள் இவற்றையெல்லாம் ஒரு வாக்கியத்திலே தள்ளிவிட்டு, 'எல்லாம் அன்றே இருந்தது' என்று சொல்வது அறியாமை மட்டுமன்று. உழைத்தவன் கூலியைத் திருடுவதற்கு என்ன பெயரோ, அதுவே இதற்கும் பெயர்.

இனி, கரேலைப் பற்றி ஒரு சொல். நோபல் பரிசு பெற்ற அந்த மனிதர்தான் 1902இல் லூர்து நகருக்குப் போய், நோயாளிப் பெண் ஒருத்தி தேறியதைக் கண்டு, அற்புதம் என்று நம்பத் தலைப்பட்டார். 1935இல் எழுதிய நூலிலே, கொடுங்குற்றவாளிகளை விஷவாயுவால் ஒழிக்கலாம் என்றும், உயர்ந்த இரத்தத்தைப் பேணி வளர்க்க வேண்டும் என்றும் எழுதினார். வைதிகர்கள் லூர்துக் கதையை எடுத்து நம்மீது எறிவர்: "பார், உங்கள் விஞ்ஞானியே நம்பினார்!" எறியட்டும். பகுத்தறிவுக்காரனுக்குக் குரு இல்லை, விரல் கொடுக்கும் வழக்கமும் இல்லை. கரேலின் தையலை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது நாயிலும் பிடித்தது, மனிதனிலும் பிடித்தது, பாஸ்டனிலும் ஷாங்காயிலும் பிடித்தது. அவருடைய இரத்த உயர்வுப் பேச்சைக் குப்பையிலே போடுவோம். அது மனுவின் சரக்கு, பிரெஞ்சு மொழியிலே.

மற்றொரு கூட்டம் இருக்கிறது. "ஐயோ, வாயில்லாச் சீவனை வதைத்தா வைத்தியம்? பாவமல்லவா!" என்று கன்னத்திலே போட்டுக்கொள்ளும் கூட்டம். இவர்களுடைய கருணையின் வரலாறு நமக்குத் தெரியும். யாகசாலையிலே ஆட்டைக் கத்தியாலும் வெட்டாமல், சத்தம் வெளியே வராதபடி மூச்சை அடைத்துக் கொன்று, வயிற்றுக்குள்ளிருக்கும் கொழுப்புச் சவ்வை எடுத்துத் தீயிலே சொரிந்தவர்கள் யார்? அசுவமேதத்துக் குதிரைக்கு மயக்கமருந்து கொடுத்தார்களா? அந்த ஆட்டாலும் குதிரையாலும் எந்தத் தொழிலாளிக்குக் கை திரும்பியது?

நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கட்டுக்காவல் வைக்கிறது. 17ஆம் பிரிவு, மயக்கமருந்து கொடுத்தே அறுவை செய்ய வேண்டும் என்கிறது. எலி, முயல் போதுமானால் பெரிய விலங்கைத் தொடாதே என்கிறது. வெறும் கைப்பழக்கத்துக்காக மட்டும் விலங்கைச் சோதிப்பதை இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறது. நல்ல விதிகள், வரவேற்கிறோம். அதே சட்டத்தின் 28ஆம் பிரிவைப் பாருங்கள்: மதம் கோரும் முறையிலே ஒரு விலங்கைக் கொல்வது இந்தச் சட்டப்படி குற்றமாகாது! ஆராய்ச்சியாளன் ஓர் எலிக்குக் கணக்கு எழுத வேண்டும்; எந்த மதத்துப் பூசாரியும் எழுத வேண்டியதில்லை. கையை மீட்கத் தேடும் கத்திக்கு ஆயிரம் கேள்வி. கடவுள் பெயரைச் சொன்ன கத்திக்குக் கேள்வியே இல்லை.

ஆனால், நேர்மையாக விலங்குக்காகக் குரல் கொடுப்போரை இந்தக் கூட்டத்தோடு சேர்த்து எள்ளுவது நமக்கு அழகன்று. 1903இல் லண்டன் கல்லூரி ஒன்றிலே பழுப்பு நாய் ஒன்றை அறுத்த முறையைக் கண்டித்து இரு பெண்கள் எழுதினர். 1906இல் தொழிலாளர் வாழும் பாட்டர்ஸீ பகுதியிலே அந்த நாய்க்குச் சிலை எழுந்தது. மருத்துவ மாணவர்கள் அதை உடைக்க வந்தனர். 1907இல் தெருச் சண்டையே மூண்டது. தொழிலாளிகள் நாயின் பக்கம் நின்றனர். ஏன்? இன்று நாய்க்குச் செய்ததை நாளை தரும ஆஸ்பத்திரியிலே கிடக்கும் ஏழைக்குச் செய்யமாட்டார்கள் என்பது என்ன நிச்சயம் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அந்த அச்சத்தை மூடத்தனம் என்று நாம் சொல்லமாட்டோம். கேட்க நாதியற்றவர்மீது கத்தி முதலில் பாயும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

ஆகவே நம் தோழர்களிடம் சொல்லிக்கொள்கிறோம்: விஞ்ஞானம் என்று சொன்னதுமே கைதட்டிவிட்டுக் கணக்குக் கேட்காமல் இருப்பது பகுத்தறிவாகாது. அது புதிய பூசாரித்தனம். இந்த விலங்கு இந்தச் சோதனைக்குத் தேவையா? வேறு வழி உண்டா? வலி தெரியாமல் செய்தார்களா? முன்பே தெரிந்ததை மீண்டும் அறுத்துப் பார்க்கிறார்களா? இப்படிக் கேட்பதற்கு இங்கிலாந்திலே ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் 1959இலேயே வழி வகுத்துத் தந்தனர்: முடிந்தால் விலங்கை விட்டு வேறு வழிக்குப் போ, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. இது வெறும் பேச்சாகவும் இல்லை. இரத்தக்குழாய் தைக்கக் கற்கும் இளம் மருத்துவர்கள் முன்பெல்லாம் எலியின் தொடைத் தமனியிலேயே தொடங்குவர். அதுவும் 1 மில்லிமீட்டர் அளவே. இன்று பல இடங்களிலே இரப்பர் போன்ற செயற்கைக் குழாயிலும், கசாப்புக் கடையிலே வாங்கிய கோழித் தொடையிலும் கை பழகிய பிறகே உயிருள்ள எலியிடம் போகிறார்கள். கசாப்புக் கடைக் கோழி எப்படியும் குழம்புக்குப் போவது. போகும் வழியிலே ஒரு மருத்துவரை உருவாக்கிவிட்டுப் போகிறது!

எல்லாவற்றுக்கும் கோழித் தொடை போதாது என்பதையும் மறைக்கமாட்டோம். செத்த குழாயிலே இரத்தம் உறையாது. உறையுமா, உறையாதா என்பதே கேள்வியாக இருக்கும்போது உயிர் வேண்டும். கை முழுவதும் துண்டாகிப் பல மணி நேரம் ஆனபின் என்ன செய்வது என்று இன்று ஆராய்கிறார்கள். அதற்குப் பன்றியின் கால்; அதன் தசையும் தோலும் குழாயும் மனித அளவுக்கு நெருங்கியவை. 2011இல் சுவிட்சர்லாந்து நாட்டு பெர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், அறுத்த பன்றிக் காலுக்குள் இயந்திரத்தால் இரத்தத்தைச் செலுத்தி 12 மணி நேரம் உயிரோடு வைத்தனர். மிச்சிகனிலே அதனை 24 மணி நேரமாக்கினர். இது மனிதருக்குக் கைகூடினால், தூரத்து ஊரிலே கையை இழந்தவனுக்கும் நகரத்து மருத்துவமனையை எட்ட நேரம் கிடைக்கும்.

பிறர் கையைப் பொருத்துவதும் விலங்குகளின் வழியே வந்ததுதான். உடல் தள்ளாதபடி தடுக்கும் மருந்துகளை எலியிலும் பன்றியிலும் பார்த்த பின்னரே, 1998 செப்டம்பரிலே, கார்னோ குத்துண்டு மாண்ட அதே லியோன் நகரில், இறந்தவரின் கையை வாழ்பவருக்குப் பொருத்தினர். 2015இல் கொச்சியிலே அது நடந்தது. 2018இல் நம் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலே, இரு கைகளையும் இழந்த தொழிலாளி ஒருவருக்கு இரு கைகளையும் பொருத்தினர். அரசு ஆஸ்பத்திரி! அதைக் கேட்டபோது நம் நெஞ்சு நிமிர்ந்தது.

நெஞ்சு நிமிர்ந்தால் மட்டும் போதுமா? கையை இழப்பவன் யார் என்று எண்ணிப் பாருங்கள். பிரஸ் மெஷினிலே தகடு அடிப்பவன், அறுவை மில்லிலே மரம் தள்ளுபவன், கரும்பு பிழிபவன், விசைத்தறியில் நிற்பவள், தீவனம் நறுக்கும் பெண். பஞ்சாங்கம் பார்ப்பவன் விரல் பஞ்சாங்கத்திலே சிக்கித் துண்டானதாக நாம் கேள்விப்பட்டதில்லை. நுண்ணோக்கியும் அதன் கீழே தைக்கத் தெரிந்த கையும் சென்னையிலும் கோவையிலும் இருந்தால், மற்ற மாவட்டத்துத் தொழிலாளி விரலைப் பையிலே போட்டுக்கொண்டு பேருந்துக்கு ஓட வேண்டுமா? எல்லா மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இரவும் பகலும் இந்தத் தையல் கிடைக்க வேண்டும் என்று கேட்போம். அதற்கு முன்பாக, இயந்திரத்துக்குக் காப்புத் தடுப்பு போடாமல் உற்பத்தியை மட்டும் எண்ணும் முதலாளியைக் கேட்போம். அவர் ஆயுத பூசையன்று அதே இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார், பூசணிக்காய் உடைக்கிறார். தடுப்புத் தகடுதான் வைக்கமாட்டேன் என்கிறார்.

அதுவரையிலே, நம் மன்றங்களும் படிப்பகங்களும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. விரல் துண்டானால் மஞ்சள் தூளையும் காப்பித்தூளையும் அப்பி, துண்டைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, விதி என்று உட்காரும் வழக்கம் இன்னும் போகவில்லை. சிலர் நல்லெண்ணத்தாலே பனிக்கட்டிக்குள்ளேயே விரலைப் புதைத்து எடுத்து வருகின்றனர். உறைந்த தசை செத்த தசை. ஆலை வாயிலிலும் பட்டறையிலும் கரும்பலகை வைத்து எழுதுங்கள்: காயத்தின்மேல் தூய துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், கயிற்றால் இறுக்க வேண்டியதில்லை. துண்டான உறுப்பைத் தூய ஈரத்துணியிலே சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையிலே போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரிலே வைக்க வேண்டும். பனிக்கட்டி உறுப்பைத் தொடக்கூடாது. தசை நிறைந்த கையோ காலோ குளிரூட்டாமல் 6 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. விரல் 12 மணி நேரம் தாங்கலாம். குளிரிலே வைத்தால் 24 மணி நேரம்கூடத் தாங்கும். 108ஐ அழைத்து, எந்த மருத்துவமனையில் ஒட்டுவார்கள் என்று கேட்டுக்கொண்டே புறப்படுங்கள். பையின்மேல், உறுப்பு துண்டான நேரத்தை எழுதிவையுங்கள்.